மோனோகார்ப்பிக் செடிகளுக்கு ‘பூத்துமடிவன’: ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

தோட்டக் கையேட்டில் அகேவ் (ஆனைக்கற்றாழை, சிசல் கற்றாழை போன்றவை) பகுதிக்காக, ஒரே ஒருமுறை பூத்துவிட்டுச் செத்துப்போகும் செடியைக் குறிக்கும் ‘மோனோகார்ப்பிக்’ என்ற சொல்லுக்குத் தமிழ் கேட்டிருந்தோம். ‘ஒருகாய்ப்பு’, ‘ஒருபூப்பு’ என்று இரண்டு வந்திருக்கின்றன. இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனைக்கற்றாழையை எடுத்துக்கொள்வோம். 10 முதல் 30 ஆண்டுகள் வரை வெறும் மடலாகவே நிற்கும். அப்புறம் ஒரு பருவத்தில் நடுக்குருத்திலிருந்து தண்டு கிளம்பி, ஓரிரு மாதங்களில் 6 மீட்டர், 8 மீட்டர் என்று ஏறிவிடும். மடல்களில் அத்தனை ஆண்டும் சேர்ந்த நீரும் சர்க்கரையும் அந்தத் தண்டுக்கும் பூவுக்கும் செலவாகிவிடும். அடி மடல்கள் சுருங்கி, மஞ்சளாகி, ஒவ்வொன்றாகச் சரியும். மெக்ஸிகோவில் தெக்கீலாவுக்கு நீல அகேவ் பயிரிடுபவர்கள் தண்டு தலைகாட்டியதும் வெட்டிவிடுவது இதனால்தான். விட்டால் சர்க்கரை முழுவதும் பூவுக்குப் போய்விடும்.

‘ஒருகாய்ப்பு’ மூலச் சொல்லுக்கு நேராக இருக்கிறது, ஆனால் செடிக்குப் பொருந்தவில்லை. கயிறு திரிக்கும் சிசல் கற்றாழை காய்ப்பதே அரிது. பூ உதிர்ந்த இடத்தில் இலையோடு சின்னக் கன்றுகளே முளைக்கின்றன. காய்க்காத செடியை ஒருகாய்ப்பு என்று எப்படிச் சொல்வது? ‘ஒருபூப்பு’ என்றால் உழவர் காதில் ஒருபூ நிலம், இருபூ நிலம் என்ற போகக் கணக்குதான் விழும். அதைவிடப் பெரிய குறை, இரண்டு சொல்லிலும் சாவு இல்லை. தோட்டம் வைத்திருப்பவருக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது அதுதான். பூத்த அகேவ் வாடுவதைப் பார்த்துவிட்டு நோய் என்று மருந்தடிக்கிறார்கள், தண்ணீர் போதவில்லை என்று குடம் குடமாக ஊற்றுகிறார்கள். பக்கத்தில் நிற்கும் கன்றும் சேர்ந்து அழுகுகிறது.

ஆகவே ‘பூத்துமடிவன’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. ஊர்வன, பறப்பன போல நமக்குப் பழகிய அமைப்பு. பண்பைச் சொல்ல ‘பூத்துமடிவு’. நடந்ததைச் சொல்ல ‘செடி பூத்துமடிந்தது’ என்று வினையாகவும் வரும். கருத்தும் தமிழுக்குப் புதிதல்ல. வேயும் (மூங்கில்) கதலியும் (வாழை) அழியுங்காலத்தில்தான் கருவளிக்கும் என்று நல்வழி சொல்கிறது. மூங்கில், தாளிப்பனை, 12 ஆண்டுக்கொருமுறை மலரும் நீலக்குறிஞ்சி எல்லாம் இதில் அடங்கும்.

நெல்லும் கதிர் முற்றியதும் மடிகிறதே என்று கேட்பீர்கள். சரிதான், தாவரவியல்படி நெல்லும் பூத்துமடிவதுதான். பிரிக்க வேண்டிய இடத்தில் ‘பல்லாண்டுப் பூத்துமடிவன’ என்று எழுதிக்கொள்ளலாம்.

இன்னொரு நன்மையும் இருக்கிறது. சோற்றுக்கற்றாழையையும் அகேவையும் நாம் கற்றாழை என்றே அழைக்கிறோம். சோற்றுக்கற்றாழை ஆண்டுதோறும் பூத்தாலும் சாவதில்லை, மடலை ஒடித்தால் கூழ் வரும். அகேவ் மடலில் நாரும், தோலில் பட்டால் அரிக்கும் சாறும் இருக்கின்றன. ஒன்று பூத்துமடிவது, மற்றது அப்படியல்ல என்றால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

கையேட்டில் சொல் எப்படிப் பொருந்துகிறது என்று பார்க்க ஒரு பத்தி எழுதினேன்:

“அகேவ் இனங்கள் பெரும்பாலும் பூத்துமடிவன. ஆகவே நடும்போதே பக்கக்கன்றுக்கு இடம் விடுங்கள். ஆனைக்கற்றாழை 3 மீட்டர் அகலம் வரை விரியும். மடல் நுனி ஊசி கண்ணைக் குத்தும் உயரத்தில் இருக்கும் என்பதால் நடைபாதை ஓரம் வேண்டாம். குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்கு முள்ளில்லாத அகேவ் அட்டெனுவேட்டா நல்லது. அரைநிழலும் தாங்கும், பூந்தண்டு வில்லாக வளைந்து தொங்கும். மொட்டை மாடித் தொட்டிக்கு வெள்ளைக் கோடு போட்ட அகேவ் விக்டோரியே ரெஜினே. மெதுவாக வளரும், தொட்டியை நிறைக்கவே பல ஆண்டுகளாகும். எல்லாவற்றுக்கும் நல்ல வெயில் வேண்டும். மண்ணில் பாதிக்குப் பாதி பருமணலோ சிறு சரளையோ கலந்து, மேடு கட்டி நடவும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குருத்தில் நீர் தேங்கினால் அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். தொட்டிகளைக் கூரைக்கடியில் நகர்த்திவிடுங்கள்.”

‘ஒருகாய்ப்பு’ என்று போட்டுப் படித்தால் அந்த இரண்டாம் வரி எதற்கென்றே புரியாது.

அடுத்து, சிசல் தண்டில் முளைக்கும் அந்தக் கன்றுகள். ‘பல்பில்’ என்பதற்கு ‘குமிழ்மொட்டு’ என்ற யோசனை வந்திருக்கிறது. கீழே விழும்போதே அதற்கு இலை இருக்கும், மண்ணில் வைத்தால் வேர் பிடித்துவிடும், அதை மொட்டு என்பது எனக்கு ஒட்டவில்லை. அடியில் வருவது பக்கக்கன்று என்றால் இது ‘தண்டுக்கன்று’ ஆகலாம். நாற்றங்கால் வைத்திருப்பவர்கள் வேறு பெயர் புழங்கினால் எழுதுங்கள். அதையே எடுத்துக்கொள்வோம்.