மாரிக்கு மூடி வைக்கிற சீடி 125, தைக்குத் தை துருப்பிடிச்சு நிக்குது. எங்க பிழை விடுறன்?

உப்புவெளியான்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாட ஹொண்டா சீடி 125, இரட்டை சிலிண்டர். முழங்கால் வருத்தத்தால அவர் ஓடுறதை விட்டு நாலு வருசமாச்சு. நான் வேலைக்குப் போறது ஸ்கூட்டியில. கோடையில மட்டும் ஞாயிற்றுக்கிழமையளில இதை எங்கட திருகோணமலையில நிலாவெளி வரைக்கும் எடுத்துக்கொண்டு போய் வருவன். ஐப்பசியில மழை பிடிச்சா மூடி வைச்சு, பொங்கல் கழிஞ்சுதான் எடுக்கிறது.

வீடு கடலுக்கு ஒரு முந்நூறு மீற்றர். வண்டி நிக்கிறது பின்பக்கப் பத்தியில. சீமெந்துத் தரை, மேல தகரம்.

பராமரிப்பில நான் ஒரு குறையும் வைக்கேல்ல. கிழமைக்கு ஒருக்கா கழுவுறன். நீலத் தறப்பாளால தரை வரைக்கும் மூடி, காத்துப் போகாம கயிறு கட்டுறன். பற்றரி செத்துப்போகும் எண்டு ஞாயிறு காலமை ஸ்டார்ட் பண்ணி ரெண்டு மூண்டு நிமிசம் ஓட விடுறன். இவ்வளவும் செய்தும் போன தையில தறப்பாளை இழுத்தா, சைலன்சர் ரெண்டும் சொறி பிடிச்ச மாதிரி. ஹெட்லைட் வளையத்தில நிக்கல் பொக்குளிச்சுக் கிடக்கு. பின் சில்லு சுத்தவே இல்ல. பெற்றோல் ஃபில்டருக்குள்ள சிவப்புத் தூள். ஹோர்ன் அடிச்சா பூனைக்குட்டி முனகுற சத்தம்.

கொண்டுபோய்க் காட்டின இடத்தில, "கடக்கரையில பழசு வைச்சா இப்பிடித்தான், வித்துப்போட்டு வேற எடுங்கோ" எண்டாங்கள். அப்பா இருக்கிற வரைக்கும் அந்தக் கதை எடுபடாது. இந்த மாரிக்கு என்ன செய்யலாம்?

மட்டிக்களி கராஜ்:
தம்பி, ரெண்டு கேள்வி. கழுவுறது எந்தத் தண்ணியில? ஸ்டார்ட் பண்ணினா றோட்டில ஓடுறியளா, நிண்ட இடத்திலயே நிப்பாட்டுறியளா?

உப்புவெளியான்:
கிணத்துத் தண்ணி அண்ணா. அந்த மழைக்குள்ள எங்க ஓடுறது, நிண்ட இடத்திலதான்.

மட்டிக்களி கராஜ்:
அப்ப நோய் பிடிபட்டுது. கோவிக்காதையுங்கோ, வண்டியைக் கெடுத்தது கடல் அரைவாசி, நீங்க அரைவாசி.

கச்சான் (தென்மேல் பருவக்காத்து) காலத்தில காத்து கரையிலயிருந்து கடலுக்குப் போகும். வாடை தொடங்கினா எதிர்ப்பக்கம். கடல் உப்பு அப்படியே வீட்டுக்குள்ள வரும். அடுப்படியில உப்புப் போத்தல் மாரியில கசியிறதைக் கண்டிருப்பியள். காத்தில ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினா உப்பு தானே தண்ணியை இழுத்துக் கரையத் தொடங்கும். நவம்பர், டிசம்பரில எங்கட ஊர்க் காத்து அதுக்குக் கீழ இறங்கிறது குறைவு. அதால மெல்லிசா உப்புப் படிஞ்ச இரும்பு மாரி முழுக்க ஈரமாத்தான் நிக்கும், மேல ஒரு சொட்டு மழை படாட்டியும். அந்த உப்பைக் கழுவ நீங்க உவர்க் கிணத்துத் தண்ணியை ஊத்தினா? காய்ஞ்ச பிறகு இன்னும் ஒரு படை உப்பு. மூடமுன் ஒருக்கா, பைப் தண்ணியில கழுவுங்கோ. நல்லாத் துடைச்சு, அரை நாள் வெயிலில விட்டு, ஒரு ஓட்டம் ஓடி வந்து நிப்பாட்டுங்கோ. அதுக்குப் பிறகு தண்ணி காட்ட வேண்டாம்.

ஸ்டார்ட் பண்ணுற விசயம் இன்னும் மோசம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணி ஆவியா வரும். எஞ்சின் சூடேறி அரை மணித்தியாலம் ஓடினா அது வெளியால போயிடும். மூண்டு நிமிசத்தில நிப்பாட்டினா சைலன்சருக்குள்ளயும் எஞ்சின் ஒயிலுக்குள்ளயும் தங்கும். உங்கட சைலன்சர் வெளியால துருப்பிடிச்சதை மட்டும்தான் நீங்க கண்டிருக்கிறியள், உள்ளுக்க தட்டிப் பாருங்கோ. பற்றரிக்கும் அந்த மூண்டு நிமிசத்தால லாபமில்ல. சும்மா நிண்ட ஓட்டத்தில இந்தப் பழசுகள் பெரிசா சார்ஜ் ஏத்தாது.

தறப்பாள் தரையைத் தொடக்கூடாது. சீமெந்து வேர்க்கும், அந்த ஆவி உள்ளுக்கயே சுத்தும். பழைய பருத்திப் பெட்சீற் ஒண்டு போதும். கூரை ஒழுகினா தறப்பாளை மேல ஒரு முழம் இடைவெளி விட்டுக் கூடாரம் மாதிரிக் கட்டுங்கோ. மெயின் ஸ்டாண்டுக்கும் டயருக்கும் கீழ பலகை போடுங்கோ.

கிண்ணியா நானா:
இவ்வளவு கஷ்டம் எதுக்கு மகன்? எங்கட வாப்பா மண் ஏத்துற டிரக்டருக்குக் கழிவு ஒயிலும் டீசலும் கலந்து அடிச்சு விடுவார். முப்பது வருசம் ஒரு துருவும் இல்ல. பைக்குக்கும் நான் அதையேதான் செய்யிறன்.

மட்டிக்களி கராஜ்:
நானா, சேசிக்கு அடியில, சென்டர் ஸ்டாண்டில அது சரி, நானும் பூசுறனான். ஆனா ஸ்பிரே பண்ணினா ரப்பர் எல்லாம் ஊதும். பிரேக் டிரம்முக்குள்ள ஒரு சொட்டுப் போனாலும் லைனிங்கை மாத்தத்தான் வேணும். டிரக்டரில ரப்பர் எவ்வளவு, இதில எவ்வளவு? தம்பி, நிக்கல் பாகங்களுக்கு வசலினைத் துணியில எடுத்து மெல்லிசாப் பூசுங்கோ. வாசமும் இல்ல, தையில துடைச்சாப் போயிடும்.

கிண்ணியா நானா:
ரப்பருக்குத் துணி சுத்திப்போட்டுத்தான் அடிக்கிறன் தம்பி, நானும் புதுசில்ல. சரி, பிரேக் விசயம் நீங்க சொல்லுறது சரிதான்.

எம்டி90 பிரியன்:
டாங்க் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லயே. ஃபில்டரில சிவப்புத் தூள் எண்டா டாங்குக்குள்ள துரு. எத்தினை லீற்றரோட மூடி வைச்சனீங்க?

உப்புவெளியான்:
ரிசேவ் அளவில. பழுதாப் போற பெற்றோலுக்கு ஏன் காசு எண்டு.

எம்டி90 பிரியன்:
அங்கதான். அரைவாசி வெறுமையான டாங்கில பகல் இரவுச் சூடு குளிர் மாற மாற ஈரக்காத்து உள்ள வந்து, தகரத்தில வேர்த்து, தண்ணி அடியில போய் நிக்கும். பெற்றோலை விடத் தண்ணி பாரம். சந்தேகமெண்டா பெற்றோல் குழாயைக் கழட்டி ஒரு ஜாம் போத்தலுக்குள்ள வடியுங்கோ. அஞ்சு நிமிசம் ஆடாம வைச்சா, அடியில கண்ணாடி மணி மாதிரி உருண்டு நிக்கிறது தண்ணி.

துருவை எடுக்க: டாங்கைக் கழட்டி, அடியில இருக்கிற பெற்றோல் டாப்பையும் கழட்டி ஓட்டையை அடைச்சு, பெற்றோல் வாசம் போகக் கழுவிப்போட்டு, வினாகிரியால நிரப்பி ஒரு நாள் விடுங்கோ. நான் கைப்பிடியளவு நட்டும் போட்டுக் குலுக்கினனான். போட்ட நட்டை எண்ணி வைச்சு, எடுக்கேக்க திரும்ப எண்ணுங்கோ. நான் எண்ணேல்ல, இண்டைக்கும் திருப்பத்தில ஒண்டு கிலுங்குது. பிறகு அப்பச்சோடா கரைச்ச தண்ணியால அலசி, உடனடியாக் காய வைக்கோணும். வினாகிரி கண்ட இரும்பு ஈரமா நிண்டா ஒரு மணித்தியாலத்தில திரும்பச் சிவக்கும். காய்ஞ்ச கையோட கழுத்து வரைக்கும் பெற்றோல் நிரப்பி மூடுங்கோ. மூண்டு மாசம் தாங்கும்.

திருக்கடலூர் போட்:
நாங்க வாடைக்கு எஞ்சினை ஏத்தி வைக்கேக்க நல்ல தண்ணியில ஓட விட்டு, எரிபொருள் எண்ணெய்க் குழாயைக் கழட்டிப்போட்டு, அதுவா நிக்கிற வரைக்கும் விடுவம். காபரேட்டர் காய்ஞ்சு நிக்கோணும். இல்லாட்டி எண்ணெய் பிசினாகி, ஜெட் ஓட்டை அடைபட்டுப் போகும். பைக்கும் அப்பிடித்தான். டாப்பை ஓஃப் பண்ணிப்போட்டு ஓட விடுங்கோ, தானா நிக்கும். அதுக்குப் பிறகு காபரேட்டர் கிண்ணத்துக்குக் கீழ இருக்கிற ஆணியைத் தளர்த்தினா மிச்சமும் வடியும்.

மட்டிக்களி கராஜ்:
போட்டண்ணை சொன்னது அனுபவம். அதுக்கு முதல் ஒரு வேலை: எஞ்சினைச் சூடாக்கி ஒயிலை மாத்துங்கோ. பழைய ஒயிலில அமிலம் கிடக்கும், அது மூண்டு மாசம் பெயரிங்கில ஊறக்கூடாது. கடைசியா பிளக் ரெண்டையும் கழட்டி, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும் ஒரு தேக்கரண்டி புது ஒயில் விட்டு, கிக்கரைக் கையால மெதுவா நாலைஞ்சு தரம் அமத்திப்போட்டு பிளக்கைப் பூட்டுங்கோ. கிளச் லீவரை ஹாண்டிலோட சேர்த்து ஒரு ரியூப் துண்டால கட்டி விட்டா பிளேட் ஒட்டாது. பின் சில்லு இறுகினது டிரம்முக்குள்ள துருப்பிடிச்சு லைனிங் ஒட்டினதால. கழுவிப்போட்டு ஓடாம நிப்பாட்டினா அதுதான் நடக்கும். கிழமைக்கொருக்கா சில்லைக் கையால சுத்தி விடுங்கோ. உங்கட ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு அது காணும்.

பற்றரி: கழட்டி உள்ள வைக்கிறது. முதல்ல நெகட்டிவ், பிறகு பொசிட்டிவ். 6 வோல்ற்றா 12 வோல்ற்றா எண்டு பார்த்துத்தான் சார்ஜரில போடோணும். ஏத்துற அளவு பற்றரியில எழுதியிருக்கிற அம்பியர் அவரில பத்தில ஒண்டு. 6 அம்பியர் அவர் எண்டு கிடந்தா 0.6 அம்பியர். முழுசா ஏறி, சில மணித்தியாலம் ஆறின பிறகு 12 வோல்ற் பற்றரி 12.6க்கு மேல காட்டும். மாசத்துக்கு ஒருக்கா ஏத்துங்கோ. தண்ணி விடுற பற்றரியெண்டா வடிச்ச தண்ணி மட்டும். அந்தக் கிணத்துக் கிட்டயே போகாதையுங்கோ!

உப்புவெளியான் (ஒன்பது நாளுக்குப் பிறகு):
எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லுறன்.

பழைய கறுப்பு மட்கார்ட் ஒண்டு கிடந்தது. அதில ஒரு பக்கம் கிணத்துத் தண்ணி ஒரு சிரட்டை, மற்றப் பக்கம் பைப் தண்ணி ஒரு சிரட்டை ஊத்தி வெயிலில விட்டன். கிணத்துப் பக்கம் வெள்ளைப் பொருக்கு, விரலால சுரண்டி நாக்கில வைச்சா கரிக்குது. ரெண்டு வருசமா இதைத்தான் வண்டிக்கு ஊத்தியிருக்கிறன்.

சைலன்சருக்கு அடியில ஊசி ஓட்டை மாதிரி ஒண்டு அடைபட்டுக் கிடந்தது, கம்பியால குத்தினன். தேத்தண்ணிக் கோப்பை அரைவாசிக்குச் செம்மண் கலர்த் தண்ணி ஊத்துண்டுது. ஜாம் போத்தலில மணியும் நிண்டுது. டாங்குக்கு வினாகிரி வைத்தியம் முடிஞ்சுது, நட்டு பதினாலு போட்டு பதினாலும் எடுத்தன்.

அப்பா கதிரையில இருந்து எல்லாத்தையும் பார்த்துக்கொண்டு இருந்தார். கடைசியா, "நான் இதை மாரியில கழுவினதை எப்பவாவது கண்டனியா? துடைச்சனான்" எண்டார். அவர் ஓடின காலத்தில மாரிக்கு வண்டி விறாந்தையிலதான் நிண்டதாம், பத்தியில விறகு. இதை ரெண்டு வருசத்துக்கு முதல் சொல்லியிருக்கலாம். நீ கேக்கேல்ல எண்டுறார்.

இப்ப வண்டி விறாந்தையில, பலகைக்கு மேல, பெட்சீற் போத்தி நிக்குது. அம்மாதான் உடுப்புக் காயப்போட இடமில்ல எண்டு முணுமுணுக்கிறா. சார்ஜரும் அங்கயே வைக்கலாமா?

மட்டிக்களி கராஜ்:
விறாந்தை நல்ல இடம். சாமித்தட்டு எங்க இருக்கு?

உப்புவெளியான்:
அதே சுவரில, ஒரு ஆறடி தள்ளி. பின்னேரம் விளக்கு வைப்பா.

மட்டிக்களி கராஜ்:
அப்ப சார்ஜரைப் பின்பக்கப் பத்திக்குக் கொண்டு போங்கோ. பற்றரி ஏறேக்க ஐதரசன் வரும். நிரப்பின டாங்கும் பக்கத்தில நிக்குது. டாப் ஓஃபிலதானே எண்டு பாருங்கோ, மூடியில பெற்றோல் வாசம் அடிச்சா வாசரை மாத்துங்கோ. அது சரி வரும் வரைக்கும் வண்டியை விறாந்தையிட மற்ற அந்தத்துக்குத் தள்ளுங்கோ. அம்மாட உடுப்புக்கும் இடம் வரும்.