விசுவமடு வீட்டுக் குழு: அப்பாவின் காலும் கிறைண்டரும்

சனிக்கிழமை

சின்னவன் 6:42
மல்லாவி அண்ணை, உங்கள் கிறைண்டர் இன்றைக்குக் கிடைக்குமா? அப்பாவின் புதுச் செயற்கைக் காலின் மேல் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் உரசிப் புண்ணாகி விட்டது. கொஞ்சம் வெட்டி, பட்டிக்கு ஒரு ஓட்டையும் போட வேண்டும். திங்கள் வற்றாப்பளை அம்மன் கோயிலில் பாற்செம்பு எடுத்தே தீருவேன் என்கிறார்.

மல்லாவி அண்ணை 6:50
டிறிலும் கொண்டு வருகிறேன்

பரந்தன் சின்னம்மா 6:53
தண்ணி மோட்டரைக் கொடுத்து வாங்கின மாதிரி ஆகாமல் பாருங்கோ

சின்னவன் 6:54
சின்னம்மா, அது மின்னலில் எரிந்தது. எத்தனை தரம் சொல்வது

மல்லாவி அண்ணை 6:55
விடுங்கோ

டென்மார்க் அத்தான் 7:05
பொறு பொறு. இரவு வேலை இடைவேளையில் இப்போதுதான் பார்த்தேன். கிறைண்டரை அதில் வைக்காதே. மாமாவின் பழைய கால் பிளாஸ்ரிக், சூடு காட்டி விளிம்பை வளைக்கலாம். இது காபன் பைபர், றெசின் ஊற்றி இறுக்கியது. சூட்டுக்கு வளையாது. வெட்டினால் கறுப்புத் தூள் பறக்கும். ஒரு நார் 7 மைக்ரோன் அளவுதான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. தோலில் குத்தி அரிக்கும், கண்ணை உறுத்தும், மூச்சோடு உள்ளே போகும்.

வவுனியா அக்கா 7:07
ஐயோ

மல்லாவி அண்ணை 7:08
மாஸ்க் இருக்கு. கொரோனா நேரத்தில் வாங்கினது

டென்மார்க் அத்தான் 7:16
அண்ணை, அது காணாது. N95 ஆவது வேண்டும், FFP3 என்றால் நல்லது. அதோடு இந்தத் தூளில் மின்சாரம் பாயும். கிறைண்டருக்குள் போனால் மோட்டர் ஷோட் ஆகிவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கையுறை போடாமல் ஒரு காபன் பலகையை அராவினேன். மூன்று நாள் கை அரித்தது. மாமாவுக்கு அது வேண்டாம், ஏற்கனவே புண் உள்ள இடம்.

பரந்தன் சின்னம்மா 7:17
பார்த்தீங்களா, மோட்டர்

சின்னவன் 7:19
ஓட்டை மட்டும் போடலாமா அத்தான்?

டென்மார்க் அத்தான் 7:27
போடாதே. துளைக்கும்போது பின்பக்கம் படை படையாகப் பிரியும். பின்னால் மரக்கட்டை வைத்து, கூரான காபைட் பிற்றால் மெதுவாகத்தான் இறக்க வேண்டும். பிரிந்தால் அவர் நடக்கும்போது அங்கிருந்தே வெடிக்கும். ஓட்டை எங்கே என்பதைக் கால் செய்தவர்தான் சொல்ல வேண்டும்.

வவுனியா அக்கா 7:29
கால் செய்த இடம் கொழும்பு, திங்களுக்குள் எப்படிப் போவது? அந்தக் காலுக்குக் காசு சேர்க்கவே ஒரு வருடம். கொடுத்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியும்

லண்டன் மாமா 7:31
நான் அனுப்பினேன் பிள்ளை

வவுனியா அக்கா 7:31
உங்களைச் சொல்லவில்லை மாமா

சின்னவன் 7:33
யாழ்ப்பாணத்தில் செயற்கைக் கால் செய்யும் ஜெய்ப்பூர் நிலையத்தில் கேட்டுப் பார்க்கவா?

டென்மார்க் அத்தான் 7:35
கேள். அவர்களும் முடியாது என்றால், மாமா திங்கள் பழைய காலோடு போகட்டும். அம்மன் கோவிக்க மாட்டா.

மல்லாவி அண்ணை 7:36
2009 சண்டைக்குள் மாத்தளனில் வைத்த நேர்த்தி. புதுக் காலோடுதான் எடுப்பார்

பரந்தன் சின்னம்மா 7:38
கோயிலுக்குப் போகிற வானில் எனக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் இடம் இருக்கா?

சின்னவன் 7:44
அத்தான், ஒரு விசயம். அப்பா விடியவே முற்றத்தில் இருந்து அரத்தால் ஒரு கரையை அராவியிருக்கிறார். சாரம் முழுக்கக் கறுப்புத் தூள்.

டென்மார்க் அத்தான் 7:46
சாரத்தை உதறாதே! மெதுவாகச் சுருட்டித் தனியாக ஊற வை, மற்ற உடுப்போடு தோய்க்காதே. கையை உரஞ்சாமல் பச்சைத் தண்ணி ஓடவிட்டுக் கழுவச் சொல். தோலில் ஒட்டினதை ஒட்டும் ரேப்பால் ஒற்றி எடு. முற்றத்தை விளக்குமாற்றால் கூட்டாதே, தண்ணி தெளித்து ஈரத்துணியால் வழித்து அள்ளு. அதைக் குப்பையோடு எரிக்காமல் பையில் போட்டுக் கட்டு. அம்மாவைக் கிட்ட விடாதே, அவவுக்கு இழுப்பு.

சின்னவன் 7:52
அம்மா கூட்டத் தொடங்கி விட்டா. ஓடுகிறேன்

வவுனியா அக்கா 8:20
என்ன ஆச்சு?

வவுனியா அக்கா 8:41
சின்னவன்?

சின்னவன் 8:58
பாதி முற்றத்தோடு நிறுத்தி விட்டேன். அம்மா உள்ளே, இருமல் இல்லை. அப்பா கை கழுவினார். ஜெய்ப்பூர் நிலையத்துக்கு ஒன்பதுக்குப் பிறகு எடுக்கிறேன்.

மல்லாவி அண்ணை 8:59
நான் பரந்தன் சந்தியில் நிற்கிறேன். வரவா, திரும்பவா?

பரந்தன் சின்னம்மா 9:03
அப்படியே எங்கள் வீட்டுக்கு வாங்கோ, மோட்டரைப் பாருங்கோ. வானில் இடம் யாருமே சொல்லவில்லை