இன்குபேட்டர் காட்டிய 37.7

குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டர் பெட்டியில் முதல் முறை 24 கோழி முட்டைகள் வைத்தேன். பொரித்தவை 5. அதுவும் 21ஆம் நாளில் அல்ல, 23ஆம் நாள் இரவில். சேவல் சரியில்லை, முட்டை பழையது என்று எல்லாவற்றின் மேலும் பழி போட்டுவிட்டுக் கடைசியாகத்தான் பெட்டியின் மேல் சந்தேகம் வந்தது. திரையில் 37.7 டிகிரி செல்சியஸ் என்று சிவப்பாக மின்னிக்கொண்டே இருந்ததால் அதை நம்பாமல் இருக்கத் தோன்றவில்லை.

தண்ணீர் நிரப்பி மூடிய சிறு குப்பி ஒன்றை முட்டைத் தட்டில் அரை நாள் வைத்தேன். எடுத்த கையோடு காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை அதில் முக்கினேன். 36.6! சூட்டை அளக்கும் உணரி மூடியில், சூடேற்றும் கம்பிக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அது தன் சூட்டைச் சொல்கிறது, முட்டையின் சூட்டை அல்ல. ஒரு டிகிரி குறைந்தால் கரு மெதுவாக வளரும், குஞ்சு நாள் தள்ளித் துவண்டுபோய் வரும். எனக்கு நடந்தது அதேதான்.

அதனால் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: எத்தனை முட்டை கொள்ளும் என்பதைப் பிறகு பாருங்கள். அந்தக் கணக்கு பல நேரம் காடை முட்டையை வைத்துப் போட்டதாக இருக்கும். உணரி முட்டையின் உயரத்தில் இருக்கிறதா, அது காட்டும் சூட்டின் அளவைத் திருத்திக்கொள்ள வழி உண்டா, மூடியைத் திறக்காமல் தண்ணீர் ஊற்ற முடியுமா, உள்ளே மின்விசிறி இருக்கிறதா என்று பாருங்கள். மின்விசிறி இருந்தால் 37.5 போதும். இல்லாத பெட்டியில் மேலே சூடு, கீழே குளிர். முட்டையின் மேற்புறத்தில் 38.5 அளவில் இருக்க வேண்டும். முட்டை வைப்பதற்கு முன் ஒரு நாள் முழுதும் காலியாக ஓடவிடுங்கள். தானாகத் திருப்பும் வசதி இருந்தால் நல்லது, எனக்கு இல்லை. பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டு, ஒரு நாளைக்கு மூன்று முறை கையால் திருப்புகிறேன்.

ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்த்தது மறக்காது. சிலந்தி போல நாலாபுறமும் ஓடும் சிவப்பு இரத்த நாளங்கள், நடுவில் துடித்து நகரும் கரும்புள்ளி. பக்கத்து முட்டை கண்ணாடி போல வெறுமையாக இருந்தது: கூமுட்டை. இன்னொன்றில் இரத்த வளையம் மட்டும். அதாவது கரு வளரத் தொடங்கிச் செத்துவிட்டது. இந்த இரண்டையும் எடுத்துவிடுங்கள், உள்ளேயே விட்டால் அழுகி வெடிக்கக்கூடும்.

அளவைத் திருத்திய பிறகு அடுத்த முறை 24க்கு 17.

*

மேலே சொன்னவரைப் போல அல்ல, என் பெட்டியில் சூடு சரியாகவே இருந்தது. நான் தோற்றது தண்ணீரில். ஈரம் நல்லதுதானே என்று முதல் நாளிலிருந்தே இரண்டு தொட்டிகளையும் நிரப்பி வைத்தேன். முழுதாக வளர்ந்த குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே ஊறிச் செத்துக் கிடந்தன. முட்டையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நீர் வெளியேறினால்தான் அகன்ற முனையில் இருக்கும் காற்றறை பெரிதாகும். குஞ்சு முதல் மூச்சு இழுப்பது அந்த இடத்தில். இப்போது ஈரப்பதம் 18 நாள் வரை 45 முதல் 50 சதவீதம், அதன் பிறகு 65க்கு மேல். டார்ச் பார்க்கும்போதெல்லாம் காற்றறையின் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டு வைக்கிறேன். கோடு கீழே இறங்குகிறதா என்பதே எனக்குக் கணக்கு.

*

இந்த இருவரைப் போல அல்ல, நான் செய்த பாவம் வேறு. ஓட்டில் ஒரு துளை விழுந்து பத்து மணி நேரம் ஆகியும் குஞ்சு வரவில்லையே என்று இரக்கப்பட்டு ஓட்டை உரித்தேன். சவ்வில் இரத்தம் கசிந்தது. அது பிழைக்கவில்லை. நான் மூடியைத் திறந்து திறந்து பார்த்ததில் ஈரம் போய், மற்ற இரண்டின் சவ்வு காய்ந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. துளை விழுந்த பின் 24 மணி நேரம்கூட ஆகலாம். அந்த நேரத்தில்தான் சவ்வில் ஓடும் இரத்தமும் மீதி மஞ்சள் கருவும் உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகின்றன. அந்த மஞ்சள் கருவே இரண்டு நாளுக்குத் தீனி. முதலில் வந்த குஞ்சு பசியில் கத்துகிறதே என்று நாம் பதற வேண்டியதில்லை.

இப்போது 18ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி, குஞ்சின் கால் வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பான துணியை முட்டைகளின் அடியில் விரித்து, பெட்டியை மூடிவிடுகிறேன். வீட்டில் யாரையும் தொடவிடுவதில்லை. 20ஆம் நாள் இரவில் ஓடு உடையும் முன்பே உள்ளிருந்து கீச்சுச் சத்தம் கேட்கும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கைகளைக் கட்டியபடி உட்கார்ந்திருப்பேன்.