முகவாதம் பாதிதான் சரியானது, இனி யாரைக் கேட்பது?

கயத்தாறு டீச்சர்:

வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். போன ஆடியில் வலப்பக்க முகம் இழுத்துக்கொண்டது. காலையில் வாய் கொப்பளித்தால் தண்ணீர் ஒரு ஓரமாக வழிகிறது, கண் மூடவில்லை. பக்கவாதம் என்று வீட்டில் எல்லோரும் அழுதுவிட்டார்கள். மருத்துவமனையில் நெற்றியைச் சுருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். நெற்றியும் சேர்ந்தே அசையாததால் கோளாறு மூளையில் இல்லை, முக நரம்பில்தான், பெல்ஸ் பால்சி என்றார்கள். ஸ்டீராய்டு மாத்திரையும் மறுநாளே தொடங்கியாயிற்று. "பத்தில் ஏழெட்டுப் பேருக்கு முழுசா சரியாகிவிடும், கவலைப்படாதீங்க" என்றார் டாக்டர்.

நான் மீதிப் பேரில் ஒருத்தி. இப்போது பங்குனி பிறந்துவிட்டது. முகம் அசைகிறது, ஆனால் தப்பான இடத்தில் அசைகிறது. சோறு மெல்லும்போது வலக்கண் தானாக மூடிக்கொள்கிறது. சிரித்தால் கழுத்தில் ஒரு பட்டை விறைத்து நிற்கிறது. ப, ம வரும் இடங்களில் உதடு சேராமல் காற்று கசிவதால், கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பாடம் வாசிக்கிறேன். ஆண்டு விழாவில் போட்டோ எடுத்தவர், "டீச்சர், நீங்க மட்டும் சிரிக்காம நில்லுங்க" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது தெரியும்.

டாக்டரிடம் மறுபடி போனால் "இதுவே நல்ல முன்னேற்றம்தானே" என்கிறார். கேட்க நினைப்பது இவ்வளவுதான். இந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு நம்பிப் படிக்கிற மாதிரி தகவல் எங்கே கிடைக்கும்? என்னைப் போல் இருப்பவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? பக்கத்து ஊரில் ஒருவர் முகத் தசைக்கு மெஷினில் கரண்ட் வைக்கலாம் என்கிறார், வைக்கலாமா?

நெல்லைச் செல்வம்:

எங்கள் மாமனாருக்கு இதே மாதிரி வந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததில் எதிர்க்காற்று அடித்துவிட்டது என்று வீட்டில் சொன்னார்கள். பலூன் ஊதினார், சூயிங்கம் மென்றார், ஒரே மாதத்தில் ஜம்மென்று ஆகிவிட்டார். நீங்களும் விடாமல் ஊதுங்கள், சரியாகிவிடும்.

பொன்மலை பாலு:

செல்வம் தம்பி, உங்கள் மாமனார் பலூன் ஊதாமல் இருந்திருந்தாலும் அநேகமாகச் சரியாகியிருப்பார். டென்மார்க்கில் பீட்டர்சன் என்ற மருத்துவர் பல வருஷம் நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2002இல் வெளியிட்ட கணக்கு இருக்கிறது. பெல்ஸ் பால்சி வந்தவர்களில் 71 சதவீதம் பேர் மருந்தே இல்லாமல் முழுதாகத் தேறியிருக்கிறார்கள். அதனால்தான் இந்த நோய்க்கு ஊருக்கு ஊர் கைராசி வைத்தியர்கள்.

டீச்சரம்மா, உங்களுக்கு நடப்பதற்குப் பெயர் சின்கைனீசிஸ். சேதமான நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளரும். அப்படித் திரும்ப வளரும்போது வாய்க்குப் போக வேண்டிய இழை கண்ணுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நான் ரயில்வேயில் இருந்தவன். பாயின்ட் மாறி வேறு லைனில் ஏறிய வண்டி என்றுதான் எனக்குப் புரிந்தது. இது வெளியே தெரியவே நாலைந்து மாதமாகும். அதற்குள் முதல் வாரம் பார்த்த டாக்டர் நம் சீட்டை மூடிவிடுகிறார். என் ஆதங்கமே இதுதான். முதல் மாதத்துக்கு ஆயிரம் பேர் வழி சொல்கிறார்கள், ஆறாவது மாதத்துக்கு ஆளில்லை. "முகவாதம்" என்று தேடினால் நெட்டில் வருவதெல்லாம் முதல் மாதத்துக் கதைதான். "சின்கைனீசிஸ்" என்று தேடிப் பாருங்கள், வேறு கதவு திறக்கும்.

என் கதை வேறு. கேட்கும் நரம்பில் கட்டி, அக்கூஸ்டிக் நியூரோமா. அந்த நரம்பும் முக நரம்பும் காது எலும்புக்குள் ஒரே துளை வழியாகப் போகிறவை. ஆபரேஷனில் கட்டி போனது, இடக்காதும் இடப்பக்க முகமும் கூடவே போயின. ஹவுஸ்-பிராக்மன் என்று ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஒன்று என்றால் இயல்பு, ஆறு என்றால் அசைவே இல்லை. நான் ஆறு. உங்களுக்கு அசைவு திரும்பியிருக்கிறது, அந்த வகையில் நீங்கள் என்னைவிட மேலே இருக்கிறீர்கள்.

இந்த ஆறுகாரர்கள் யாராவது படித்தால், அவர்களுக்காக ஒன்று. அசைவே இல்லாத தசை என்றைக்கும் காத்திருக்காது. ஒன்று, ஒன்றரை வருஷத்துக்குள் வேறொரு நரம்பை அதோடு இணைத்தால்தான் பலன் அதிகம். அது தாண்டிவிட்டால் தொடையிலிருந்து தசை எடுத்து வைக்கிற பெரிய வேலை. எனக்கு மெல்லும் நரம்பை இணைத்தார்கள். பல்லைக் கடித்தால் வாயோரம் மேலே ஏறும். "தாத்தா, இது கோபமா சிரிப்பா?" என்று பேரன் கேட்பான். இரண்டும்தான்.

எங்கே போவது? "பேஷியல் ரீஅனிமேஷன்", அதாவது முகத்துக்கு அசைவைத் திரும்பக் கொண்டுவரும் சிகிச்சை, அதைப் பார்க்கிற பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு எது என்று கேளுங்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் சரியான ஆளிடம் அனுப்புவார்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பெரிய பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கிறது, கோயம்புத்தூரில் கங்கா மருத்துவமனை இருக்கிறது. கண்ணுக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் ஆர்பிட், ஓக்குலோபிளாஸ்டி பிரிவு, இமையையும் கண்குழியையும் பார்க்கிறவர்கள். கண்ணை விட்டுவிடாதீர்கள். பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு. முழுதாக மூடவில்லை என்றால் படுக்கும்போது டேப். வண்டியில் போனால் முகம் மூடிய ஹெல்மெட், படுக்கும்போது ஃபேனுக்கு நேரே படுக்கக் கூடாது. விழி காய்ந்து புண்ணாகிவிட்டால் பார்வைக்கே ஆபத்து.

படிப்பதற்கு நான் முதலில் சொல்வது பேஷியல் பால்சி யூகே. சார்லஸ் என்டூகா என்ற பிளாஸ்டிக் சர்ஜனும் சேர்ந்து தொடங்கிய தொண்டு நிறுவனம். கண்ணுக்கு டேப் ஒட்டுவது, மசாஜ், சின்கைனீசிஸ் என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள். ஆங்கிலம்தான். என் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொன்னாள். கட்டிக்காரர்களுக்கு அமெரிக்காவில் அக்கூஸ்டிக் நியூரோமா அசோசியேஷன். 1981இல் ஒரு நோயாளியே ஆரம்பித்தது.

முறைத்துப் பார்க்கிறவர்களைச் சமாளிக்க சேஞ்சிங் ஃபேசஸ் என்ற தொண்டு நிறுவனம். பதினெட்டு வயதில் கார் தீயில் முகம் கருகிய ஜேம்ஸ் பார்ட்ரிட்ஜ் 1992இல் இங்கிலாந்தில் தொடங்கினார். யாராவது கேட்டால் ஒரு வரியில் விளக்கு, ஒரு வரியில் பயம் தெளிய வை, உடனே பேச்சை மாற்று என்று அவர்கள் சொல்லித் தருகிறார்கள். ரேஷன் கடையில் நான் சொல்வது: "ஆபரேஷன்ல நரம்பு போச்சுங்க. வலியெல்லாம் இல்ல. சீனி வந்திருச்சா?" வரிசையில் நிற்கிறவர்களின் கவலை அதோடு சீனிக்குப் போய்விடும்.

பிசியோ ராதிகா:

பாலு சார் கரண்டைப் பற்றிச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். எங்கள் தொழிலில் பலர் இன்னும் வைக்கிறார்கள் என்பதை மறைக்க மாட்டேன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற காக்ரன் அமைப்பு 2011இல் இதைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, கரண்ட் வைப்பதால் நன்மை என்று சொல்ல நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. ஆளுக்கு ஏற்ப வகுத்த முகப் பயிற்சிக்குத்தான் ஓரளவு ஆதாரம் இருந்தது, அதுவும் நாள்பட்டவர்களுக்கு. டீச்சர், உங்களுக்கு இப்போது தசை பலவீனமில்லை, இறுக்கம். அதனால் நான் வைக்க மாட்டேன்.

பலூனும் சூயிங்கமும் வேண்டாம். பலம் போட்டுச் செய்கிற எதுவும் தப்பான இணைப்பையும் சேர்த்தே பழக்கும். கண்ணாடி முன் உட்கார்ந்து, கண் சுருங்காத அளவுக்கு மட்டும் வாயோரத்தை மெல்ல நகர்த்திப் பழகுங்கள். கண் சுருங்கத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கன்னத்தின் உள்பக்கம் கட்டை விரலும் வெளியே ஆள்காட்டி விரலும் வைத்து இறுகிய இடத்தை நீட்டி விடுங்கள். கழுத்துப் பட்டைக்கும் கண்ணைச் சுற்றியும் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி கொஞ்சமாகப் போட்டால் மூன்று நான்கு மாதம் தளர்ந்திருக்கும், அந்த நேரத்தில் பயிற்சி நன்றாகப் பிடிக்கும். ப, ம உச்சரிப்புக்கு ஸ்பீச் தெரபிஸ்டைப் பாருங்கள்.

புதிதாக முகம் இழுத்துக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஸ்டீராய்டு 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். சர்க்கரை இருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள், மாத்திரையில் ஏறும். காதில் கொப்புளமும் கடுமையான வலியும் இருந்தால் அது ராம்சே ஹன்ட், சின்னம்மை வைரஸ் மறுபடி கிளம்புவது. 2022இல் ஜஸ்டின் பீபருக்கு வந்தது அதுதான். அதற்கு வைரஸ் மருந்தும் சேர வேண்டும்.

சேலம் அம்மா:

என் மகளுக்குப் பிறவியிலேயே முகம் அசையாது. மோபியஸ் சிண்ட்ரோம். மூளையிலிருந்து கண்ணுக்கும் முகத்துக்கும் வருகிற ஆறாவது, ஏழாவது நரம்பு சரியாக உருவாகவில்லை. பெற்றோருக்கு அமெரிக்காவில் மோபியஸ் சிண்ட்ரோம் பவுண்டேஷன் இருக்கிறது. ஜனவரி 24 இதற்கான விழிப்புணர்வு நாள். தமிழில் எதுவும் கிடைக்காததால், ஆஸ்பத்திரி வராண்டாவில் பழக்கமான நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்ஆப் குழு வைத்திருக்கிறோம். டாக்டர் நம்பரைவிட, பஸ்ஸில் யார் என்ன கேட்டார்கள் என்பதைத்தான் அதில் அதிகம் பேசுகிறோம்.

அக்கா, நீங்கள் டீச்சர் என்பதால் கேட்கிறேன். வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டீர்களா? என் மகள் முகத்தில் ஒன்றும் தெரியாததால் பாடம் கவனிப்பதில்லை என்று நினைத்து அவளைப் பின்பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நானே போய் வகுப்பில் விளக்கிய பிறகுதான் மாற்றினார்கள்.

தூக்கம் வராமல், ஆட்களைப் பார்க்கவே பிடிக்காமல் இருந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ் மனநல உதவி எண், காசில்லை, தமிழில் பேசலாம். நான் பேசியிருக்கிறேன்.

கயத்தாறு டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. ராதிகா மேடம், கரண்ட் வேண்டாம் என்று அந்தப் பக்கத்து ஊர்க்காரரிடம் சொல்லிவிட்டேன்.

சேலம் தங்கச்சி, நீங்கள் கேட்ட பிறகு ஆறாம் வகுப்பில் சொன்னேன். நரம்பின் படம் வரைந்தே சொன்னேன், அறிவியல் பாடமாகவே போய்விட்டது. "நீங்க கோபமா இருக்கீங்களான்னு எந்தப் பக்கம் டீச்சர் பார்க்கணும்?" என்று ஒருவன் கேட்டான். இடப்பக்கம் என்றேன். அன்றிலிருந்து இடப்பக்கத்துப் பையன்கள்தான் ஒழுங்காக இருக்கிறார்கள்.

பாலு அண்ணா, மே மாத விடுமுறையில் கோயம்புத்தூர் போகலாம் என்றிருக்கிறேன். போகும்போது என்னென்ன கொண்டு போக வேண்டும்?

பொன்மலை பாலு:

ஸ்கேன் எடுத்திருந்தால் ரிப்போர்ட்டோடு சிடியும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வாரம் எழுதிய மருந்துச் சீட்டு வேண்டும். நோய் வரும் முன் சிரித்தபடி எடுத்த போட்டோ ஒன்றிரண்டு, கல்யாண ஆல்பத்தில் இருக்கும். வீட்டில் பகல் வெளிச்சத்தில் செல்போனில் ஒரு வீடியோ எடுங்கள்: புருவம் தூக்குவது, கண்ணை மெல்ல மூடுவது, இறுக்கி மூடுவது, பல் தெரியச் சிரிப்பது, உதட்டைக் குவிப்பது. கடைசியில் நாலு வாய் சாப்பிடுவதையும் எடுத்துவிடுங்கள். கண் மூடுவது சாப்பிடும்போதுதானே, அங்கே போய் உட்கார்ந்தால் அதைக் காட்ட முடியாது.

முகத்தில் வெள்ளை லைட் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் மருமகள் எடுத்த முதல் வீடியோவில் என் வழுக்கைதான் தெரிந்தது.