மறு: 'விலங்கு மாதிரி'க்கு மாற்றுச் சொல்

அனைவருக்கும் வணக்கம்.

நோயைச் செயற்கையாக உண்டாக்கி மருந்தைச் சோதிக்கும் விலங்கை ஆங்கிலத்தில் 'animal model' என்கிறோம். அதற்கு 'விலங்கு மாதிரி'யே போதும் என்கிறார் பேராசிரியர் ஐயா. எனக்கு ஒப்பவில்லை. எங்கள் சேலத்தில் "மிருகம் மாதிரி கத்துறான்" என்பதுதான் முதலில் காதில் விழும். ஆய்வகத்தில் எடுக்கும் ரத்தமும் மாதிரிதான். "எலி மாதிரியில் மருந்துகளை ஒப்பிட்டோம்" என்று மாணவர் எழுதினால் எலியிலா, எலியின் ரத்தத்திலா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

'நோய்ப்போலி' என்பது என் பரிந்துரை. மருந்தில்லாத வெற்று மாத்திரையைக் (placebo) குறிக்க 'மருந்துப்போலி' ஏற்கெனவே புழங்குகிறது, அதே வார்ப்பு. போலி என்றதும் கள்ளத்தனம் நினைவுக்கு வருகிறது என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். போலி டாக்டர், போலி நகை என்று முன்னால் வந்தால்தான் அந்த வாடை. பின்னால் வந்தால் சாயல் மட்டுமே.

மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் செத்து உடலசைவு மந்தமாகும் நோய் பார்க்கின்சன். அந்த ஆய்வில் எலிக்கு நாம் உண்டாக்குவதும் சாயலைத்தான். மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடால் மருந்தைப் போட்ட எலியின் முன்னங்கால்களைக் கம்பிமேல் தூக்கி வைத்தால், இறக்காமல் அப்படியே நிற்கும். எத்தனை நொடி என்பதே அளவு. செலவு குறைவு என்பதால் பார்மசி மாணவர்கள் இதையே நாடுகிறார்கள். ஆனால் இங்கே டோபமைன் செல்கள் சாவதில்லை, டோபமைனை வாங்கும் ஏற்பிகள்தான் அடைபடுகின்றன. செல்லைக் காக்கும் மருந்தை இதில் சோதிக்க வழியே இல்லை.

எம்.பி.டி.பி. வேறு கதை. டோபமைன் செல்களையே சாகடிக்கும் வேதிப்பொருள் அது; ஆனால் மூளையில் எம்.ஏ.ஓ.-பி நொதி மாற்றிய பிறகே நஞ்சாகிறது. செலிஜிலின் அந்த நொதியைத் தடுக்கும் மருந்து. அதை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் சுண்டெலிக்கு நோய் ஏறவே ஏறாது. "நரம்பைக் காத்தது" என்று அட்டவணையில், மூளையில் டோபமைனாக மாறும் பார்க்கின்சன் மருந்தான லெவோடோபாவுக்கு மேலே போட்டால் அது ஒப்பீடா? ஆகவே வெறும் 'நோய்ப்போலி எலி' கூடாது. 'ஹாலோபெரிடால் நோய்ப்போலி', 'எம்.பி.டி.பி. நோய்ப்போலி' என்று எதனால் உண்டானது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஏற்காடு அடிவாரத்துப் பூனைக்காலி விதையை எடுத்துக்கொண்டு வரும் மாணவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். அதில் லெவோடோபா இருப்பதை 1937-லேயே சென்னையில் தாமோதரனும் இராமசாமியும் பிரித்துக் காட்டிவிட்டார்கள். சாறு குடித்த எலி சீக்கிரம் காலை இறக்கினால் வியக்க ஒன்றுமில்லை. சாற்றில் உள்ள அதே அளவு லெவோடோபாவைத் தனியாகக் கொடுத்த எலியோடு ஒப்பிட்டால்தான் விதைக்கென்று தனிக்குணம் உண்டா என்பது தெரியும்.

அப்புறம், கம்பிமேல் வைத்தது வைத்தபடி நிற்பதற்கும் ஒரு சொல் வேண்டும். 'விறைப்பு' தசை இறுக்கத்துக்குப் போய்விட்டது, 'உறைநிலை' தண்ணீருக்கு. 'வைத்தநிலை' சரிப்படுமா?

அஸ்தம்பட்டி, சேலம்