பீட்டா செல் நாக்அவுட்: க்ரீ மட்டும் உள்ள எலி கட்டாயமா?

ஈற்றுக்கணக்கு:
நீரிழிவு ஆய்வில் பீட்டா செல்லில் (கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்) மட்டும் ஒரு மரபணுவை நீக்க (நாக்அவுட்), ரிப்-க்ரீ எலியை (இன்சுலின் மரபணுவின் ஊக்கியால் க்ரீ என்ற டிஎன்ஏ வெட்டும் நொதியை உண்டாக்குவது) ஃப்ளாக்ஸ் எலியோடு (நீக்க வேண்டிய மரபணுப் பகுதியின் இரு முனையிலும் க்ரீ வெட்டும் லாக்ஸ்-பி குறி வைத்தது) இணை சேர்க்கிறோம். ஒப்பிட்டுப் பார்க்க, க்ரீ இல்லாத ஃப்ளாக்ஸ்/ஃப்ளாக்ஸ் (இரு பிரதியும் ஃப்ளாக்ஸ்) உடன்பிறப்பு போதும் என்பது என் வாதம். ஆனால் கட்டுரை மதிப்பீட்டாளர்கள் "க்ரீ மட்டும் உள்ள எலி எங்கே?" என்று கேட்கிறார்கள்.

குழுவுக்கு 8 ஆண் எலி வேண்டும் என்று வையுங்கள். ஃப்ளாக்ஸ்/ஃப்ளாக்ஸ் தாயும், க்ரீ உள்ள ஃப்ளாக்ஸ்/ஃப்ளாக்ஸ் தந்தையும் என்றால் பாதிக் குட்டி நாக்அவுட், அதில் பாதி ஆண். 32 குட்டி போதும். ஈற்றுக்கு 6 என்றால் 5, 6 ஈற்றில் முடிந்தது. க்ரீ மட்டும் உள்ள எலியும் அதே ஈற்றில் வேண்டுமென்றால் தாய், தந்தை இரு பக்கமும் ஃப்ளாக்ஸ்/+ (ஒரு பிரதி மட்டும் ஃப்ளாக்ஸ்) வைக்கணும், க்ரீ ஒரு பக்கம் மட்டும். நாக்அவுட் எட்டில் ஒன்று, ஆண் பதினாறில் ஒன்று. 128 குட்டி! மீதியெல்லாம் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

திட்டுவாசி:
கணக்கு சரி, முடிவு தப்பு. ஃப்ளாக்ஸ் எதுவும் இல்லாமல் வெறும் ரிப்-க்ரீ எலியிலேயே குளுக்கோஸ் தாங்கும் திறன் குறைகிறது என்று 2006லேயே வெளியாகிவிட்டது. நீங்கள் தேடும் விளைவும் அதேதான். அப்புறம் எந்த வித்தியாசம் மரபணுவால் வந்தது, எது க்ரீயால் வந்தது? எம்ஐபி-க்ரீஇஆர் என்ற இன்னொரு பீட்டா செல் க்ரீ எலி இன்னும் வேடிக்கை. அதில் மனித வளர்ச்சி ஹார்மோன் துண்டு ஒன்று ஒட்டியிருக்கிறது. அந்த ஹார்மோன் பீட்டா செல்லில் நிஜமாகவே உற்பத்தியாகி, ப்ரோலாக்டின் ஏற்பியைத் தூண்டி, கர்ப்பகாலத்தில் நடப்பதுபோல இன்சுலின் இருப்பையும் செரட்டோனினையும் ஏற்றிவிடும். உங்கள் ஃப்ளாக்ஸ் உடன்பிறப்பு இதில் எதையும் காட்டிக்கொடுக்காது.

ஈற்றுக்கணக்கு:
ரிப்-க்ரீயின் அந்தக் குறை எல்லா ஆய்வுக்கூடத்திலும் தெரிவதில்லையே. இனவழியைப் பொறுத்தது. எங்கள் எலியில் க்ரீ தனியாக ஒன்றும் செய்வதில்லை என்று ஒருமுறை காட்டிவிட்டால் போதாதா?

இன்னொன்று. ரிப்-க்ரீ மூளையின் ஹைப்போதலாமஸிலும் வெட்டும். பசி, உடல் எடை எல்லாம் அங்கேதான். ஃப்ளாக்ஸ் இல்லாத எலியில் அங்கே வெட்ட எதுவும் இல்லை. ஆகவே க்ரீ மட்டும் உள்ள எலி க்ரீயின் நஞ்சைத்தான் காட்டும், தப்பான திசுவில் மரபணு போனதைக் காட்டாது. பெரிய ஓட்டை அதுதான், அதை அடைக்காமல் 128 குட்டி எதற்கு?

திட்டுவாசி:
இது நல்ல அடி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு மருந்து க்ரீ கன்ட்ரோலை (ஒப்பீட்டு எலியை) விடுவதல்ல, ரிப்-க்ரீயையே விடுவது. இன்ஸ்1 மரபணு இடத்திலேயே க்ரீ நுழைத்த எலி 2015 முதல் இருக்கிறது. அது ஹைப்போதலாமஸில் வெட்டாது, ஹார்மோன் துண்டும் கிடையாது.

பிசிஆர்_பித்தன்:
இன்ஸ்1-க்ரீயையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீங்க. டிஎன்ஏ மெத்திலேஷனால் (டிஎன்ஏவில் ஒட்டும் வேதிக்குறி) சில எலிக் கூட்டங்களில் அது அடங்கிப்போறதா 2020ல் வந்திருக்கு. வால் துணுக்கின் டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆரில் க்ரீ இருக்கும், கணையத் திட்டில் (பீட்டா செல் இருக்கும் செல் தொகுப்பு) வெட்டு இருக்காது. அதனால ஒவ்வொரு கூட்டத்திலும் கணையத் திட்டைப் பிரிச்சு அளக்கணும்.

அளக்கும்போது இரண்டு கவனம். எலித் திட்டில் பீட்டா செல் முக்கால் பங்கு அளவுதான், மீதி ஆல்ஃபா, டெல்டா, ரத்தக்குழாய். முழுசா வெட்டினாலும் கால்வாசி டிஎன்ஏ வெட்டுப்படாமத்தான் தெரியும், அதைத் தோல்வின்னு எடுத்துக்காதீங்க. இரண்டாவது, வெட்டுப்பட்டதையும் படாததையும் சேர்த்துப் பெருக்கும் மூணு ப்ரைமர் பிசிஆரில் வெட்டுப்பட்ட துண்டு குட்டையா இருக்கும், வேகமா பெருகும். ஹைப்போதலாமஸில் ஒரு மங்கலான பட்டை தெரிஞ்சா எவ்வளவு செல்லில் வெட்டியிருக்குன்னு அதை வெச்சு சொல்ல முடியாது. க்யூபிசிஆர் (அளவு காட்டும் பிசிஆர்) போடுங்க. வால் டிஎன்ஏவிலேயே அந்தப் பட்டை வந்தா விந்து, முட்டை வழியா கசிஞ்சிருக்கும். அந்தக் குட்டி ஆய்வுக்கு ஆகாது.

க்ரீ வெட்டினா ஒளிரும் டிடிடொமாட்டோ குறிப்பான் ஒளிர்ந்தாலும் உங்க மரபணு போச்சுன்னு அர்த்தமில்லை. அந்தக் குறிப்பான் இருக்கும் ரோசா26 இடம் சுலபமா வெட்டுப்படும். உங்க இரண்டு லாக்ஸ்-பியும் ஒன்னுக்கொன்னு தூரமா இருந்தா அங்கே வெட்டு பாதியில் நிக்கலாம்.

யாரும் தொடாத விஷயம் ஒன்னு: ஃப்ளாக்ஸ் எலி யூகாம் (ஐரோப்பிய நாக்அவுட் எலித் திட்டம்) செல்லில் இருந்து வந்திருந்தா பின்னணி 6என். க்ரீ எலி பெரும்பாலும் 6ஜே. இரண்டும் ஒரே பிளாக்6 ஆய்வக எலி இனவழியின் கிளைகள். 6ஜேயில் என்என்டி என்ற மைட்டோகாண்ட்ரியா நொதி மரபணுவில் அஞ்சு எக்ஸான் (புரதத்துக்கான துண்டு) காணாம போயிருக்கு, அதனாலயே இன்சுலின் சுரப்பு குறையும். இரண்டு கிளையும் கலந்தா, அண்ணன் தம்பிக்குள்ளேயே ஒருத்தனுக்கு என்என்டி இருக்கும், இன்னொருத்தனுக்கு இருக்காது.

ஈற்றுக்கணக்கு:
என்என்டி என் வாதத்துக்குத்தானே வலு சேர்க்கிறது? உடன்பிறப்பை விட்டுவிட்டு, தனியாக க்ரீ எலியை 6ஜேயோடு சேர்த்து எடுக்கும் கன்ட்ரோல் அங்கேதான் கவிழும்.

திட்டுவாசி:
தனிக் கூட்டம் வேண்டாம் என்பதில் நமக்குள் சண்டை இல்லை. நடுவழி இருக்கிறது: ஃப்ளாக்ஸ்/ஃப்ளாக்ஸ் தாய், க்ரீ உள்ள ஃப்ளாக்ஸ்/+ தந்தை. நாலில் ஒன்று நாக்அவுட், நாலில் ஒன்று க்ரீ உள்ள ஃப்ளாக்ஸ்/+, நாலில் ஒன்று க்ரீ இல்லாத ஃப்ளாக்ஸ்/ஃப்ளாக்ஸ். 8 ஆணுக்கு 64 குட்டி, 11 ஈற்று. என்என்டியை எல்லாக் குட்டிக்கும் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம்.

குளுக்கோஸ் சோதனைக்கு 16 மணி நேரப் பட்டினி போடாதீர்கள், எலிக்கு ஈரல் கிளைக்கோஜன் தீர்ந்துவிடும். 6 மணி போதும். உடல் எடை கிலோவுக்கு 2 கிராம் குளுக்கோஸ், 20 சதவீதக் கரைசலில் கிராம் எடைக்கு 10 மைக்ரோலிட்டர், வயிற்றறைக்குள் ஊசி. 0, 15, 30, 60, 120 நிமிடத்தில் ரத்தச் சர்க்கரை அளவு. ஊசி போடுபவருக்கு எது நாக்அவுட் என்று தெரியக்கூடாது.

ஈற்றுக்கணக்கு:
64 என்றால் பேசலாம். ஆனால் அந்த ஃப்ளாக்ஸ்/+ எலியில் ஒரு பிரதி போய்விட்டதே? பாதி அளவே நோயைத் தரும் மரபணு என்றால் கன்ட்ரோலும் சேர்ந்து மோசமாகும், வித்தியாசம் மறைந்துவிடும்.

பிசிஆர்_பித்தன்:
அப்படி மறைஞ்சா, க்ரீ இல்லாத ஃப்ளாக்ஸ்/ஃப்ளாக்ஸ் குழுவும் பக்கத்திலேயே இருக்கே. அதைவிட ஃப்ளாக்ஸ்/+ க்ரீ மோசமா இருந்தா காரணம் பாதி பிரதியா, க்ரீயான்னு அப்பதான் கேள்வி வரும். அப்போ இரு பக்கமும் ஃப்ளாக்ஸ்/+ போட்டு ஃப்ளாக்ஸே இல்லாத க்ரீ எலியை எடுங்க. முதல்லயே 128 குட்டி வேண்டாம்.