முதல் வருஷப் பையனுக்கு எது முக்கியம்: அரியர் இல்லாம இருக்கறதா, கோடிங்கா?

வைகைக்கரை: அக்கா பையன் அரசுப் பள்ளியில தமிழ் மீடியம் படிச்சவன். 7.5 சதவீத ஒதுக்கீட்டுல பொறியியல் கிடைச்சிருக்கு. காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ் அரசே கட்டிடும். வாட்ஸ்அப்புல எவரோ அனுப்பின அறிவுரையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான்: "மார்க்கை ஒருத்தரும் பார்க்கறதில்லை. வகுப்பை விட்டுட்டு முதல் செமஸ்டர்லேயே கோடிங்ல இறங்கு." நான் என்ன சொல்லட்டும்?

கோடுகாரன்: சரியாத்தான் சொல்லியிருக்காங்க. எங்க டீம்ல இன்டர்வியூ எடுக்கறது நான்தான். எம்1-ல, அதான் முதல் செமஸ்டர் கணக்குப் பேப்பர்ல, எவ்வளவுன்னு யாரையும் கேட்டதில்லை. ஒரு புரோகிராம் கொடுப்பேன், எப்படி யோசிக்கறான்னு பார்ப்பேன், முடிஞ்சுது.

மலர் டீச்சர்: உங்க முன்னாடி வந்து உட்கார்றதுக்கு முன்னாலேயே எத்தனை பேரை வடிகட்டிடறாங்கன்னு தெரியுமா தம்பி? கேம்பஸுக்கு வர்ற கம்பெனிகள் பலதும் பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூணுலயும் 60 சதவீதம் கேக்குது, அரியர் நிலுவையில இருக்கக் கூடாதுங்குது. அப்புறம் அட்டென்டன்ஸ். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீதம் வேணும். மருத்துவக் காரணம் மாதிரி ஏதாவது இருந்தா 65 வரைக்கும் சலுகை. அதுக்கும் கீழ போனா பரீட்சை எழுத விடமாட்டாங்க, செமஸ்டரையே திரும்பப் படிக்கணும். வகுப்பை விடச் சொன்ன புண்ணியவான் இதைச் சொன்னாரா?

கோடுகாரன்: வகுப்பை விடுறது தப்புதான், ஒத்துக்கறேன் மேடம். ஆனா ஒரு அரியர்கூட இல்லாம பத்துக்கு 8.5 வாங்கிட்டு, கோடிங்ல அரிச்சுவடியான ஒரு லூப் எழுதச் சொன்னா முழிக்கறவங்களை நான்தானே பார்க்கறேன்?

மலர் டீச்சர்: அதை ரெண்டாம் வருஷத்துல சரி பண்ணிடலாம். தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு முதல் செமஸ்டர்தான் கண்டம். பன்னிரண்டாவதுல அணி, வகைநுண்கணிதம் எல்லாம் நல்லாப் போட்டவன்தான். அதே கணக்கு இங்கிலீஷ்ல போர்டுல வந்ததும் வாயடைச்சுப் போறான். சந்தேகம் கேக்கக் கூச்சம். மூணு பேப்பர் போயிட்டா அதைத் தூக்கிச் சுமக்கறதுலயே அடுத்த வருஷமும் போயிடும்.

பின்பெஞ்ச்: ரெண்டு பேரும் ஒண்ணைக் கேக்கவே இல்லை. பையன்கிட்ட லேப்டாப் இருக்கா?

வைகைக்கரை: இல்லைங்க. போன்தான்.

பின்பெஞ்ச்: அப்ப போன்லயா கோடிங் பண்ணுவான்? நானும் தமிழ் மீடியம்தான். காலேஜ் லேப்தான் எனக்குக் கம்ப்யூட்டர், லேப் வகுப்பை மட்டும் விட்டதே இல்லை. சீனியர்கிட்ட போன வருஷக் கேள்வித்தாளும் நோட்டும் வாங்கச் சொல்லுங்க. கூச்சப்பட்டா நடக்காது. கடன் ஆப் பக்கம் மட்டும் தலைவெச்சுப் படுக்க வேண்டாம்னு அழுத்திச் சொல்லுங்க, ஹாஸ்டல்ல அதுதான் பெரிய வியாதி.

கோடுகாரன்: 2024லேர்ந்து அரசோட தமிழ்ப் புதல்வன் உதவித்தொகைல மாசம் 1000 ரூபாய் வருதே, அதைச் சேர்த்துப் பழைய லேப்டாப் ஒண்ணு வாங்கலாமே?

மலர் டீச்சர்: அந்தக் காசு பல வீட்டுல மளிகைக்குப் போகுது தம்பி.

வைகைக்கரை: எங்க வீட்டுலயும் அப்படித்தான் ஆகும் போல.

கோடுகாரன்: எங்க ஆபீஸ்ல பழைய மெஷினை அப்பப்ப மலிவா தள்ளிவிடுவாங்க. விலை விசாரிச்சு திங்கட்கிழமை சொல்றேன். மார்க் விஷயத்துல மட்டும் நான் சொன்னது சொன்னதுதான்.